புரோகிராம் முடியும் இடம்: பிரேக்பாயிண்ட் பிறந்த கதை

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாதத்தின் முதல் வாரம். ராத்திரி ஒன்றரை மணிக்கு டெர்மினலில் ஒரே ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'எக்ஸிடெட் நார்மலி'. புரோகிராம் ஒழுங்காக முடிந்துவிட்டதாம். ஒழுங்காக முடியவில்லை என்று எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு வாடிக்கையாளருக்காக தினமும் ராத்திரி ஓடும் புரோகிராம் அது, சி மொழியில் எழுதியது. யார் யாருக்கு எவ்வளவு பணம் போக வேண்டும் என்று ஒரு ஃபைல் எழுதும். காலையில் அந்த ஃபைல் வங்கிக்குப் போகும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஃபைலின் வால் அறுந்திருக்கும். கடைசி வரி பாதியில் நிற்கும், அதற்குப் பிறகு வர வேண்டியவர்களின் பெயரே இருக்காது. அவர்களுக்கு அன்றைக்குப் பணம் போகாது. லாகில் பிழை எதுவும் இல்லை. கோர் டம்ப் இல்லை. எக்ஸிட் ஸ்டேட்டஸ் 0, அதாவது எல்லாம் நலம். டிஸ்க் நிரம்பியிருக்கும் என்றார் ஒருவர். காப்பி ஆகும்போது நெட்வொர்க் போயிருக்கும் என்றார் இன்னொருவர்.

நான் ஜிடிபியை மாட்டி (பொருளாதாரப் பக்கத்து ஜிடிபி இல்லைங்க, க்னூ டீபக்கர்), 'எக்ஸிட்' என்ற ஃபங்ஷனில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எப்படி முடிந்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தானே போகணும் என்பது என் கணக்கு. ஆனால் அங்கே நிற்கவே இல்லை. 'எக்ஸிடெட் நார்மலி' என்று மட்டும் வந்தது. சரி, கடைசியாக எந்த ஃபங்ஷனில் இருந்தாய், ஸ்டாக்கைக் காட்டு என்று கேட்டால், 'நோ ஸ்டாக்' என்றது. செத்த பிறகு பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்தப் பிழை எப்படிப் பிடிபட்டது என்று கடைசியில் சொல்கிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. ஓடும் புரோகிராமை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தி விசாரிக்கும் இந்த வழக்கம் யாரிடம் ஆரம்பித்தது? முடிந்துபோன புரோகிராமைப் பற்றி அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வயரைப் பிடுங்கியவர்கள்

கதை அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பிக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் கல்லூரியில் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கட்டிய இயந்திரம் ஈனியாக். கிட்டத்தட்ட 18,000 வால்வுகள், 20 அக்யுமுலேட்டர்கள். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்குப் போடுவதற்காகக் கட்டியது. அதற்குப் புரோகிராம் எழுதுவது என்றால் இன்றைய அர்த்தத்தில் 'எழுதுவது' கிடையாது. ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு கேபிள் இழுத்துச் செருகணும், ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்பி வைக்கணும். ஒரு யூனிட் தன் வேலையை முடித்ததும் கேபிள் வழியாக ஒரு துடிப்பை அனுப்பும். அதை வாங்கியதும் அடுத்த யூனிட் வேலையை ஆரம்பிக்கும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்ஸிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். கணக்கு தப்பாக வந்தால் எங்கே தப்பு என்று எப்படிப் பார்ப்பது? ஈனியாக்கை ஒவ்வொரு கூட்டலாக நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியும். அக்யுமுலேட்டரின் முன்பக்கத்தில் இருக்கும் நியான் விளக்குகளைப் பார்த்து உள்ளே என்ன எண் இருக்கிறது என்று படிக்கலாம். ஆனால் ஆயிரம் படி தாண்டி வரும் தப்புக்கு ஒவ்வொரு படியாக நடப்பது கட்டுப்படியாகாது. அதனால் சந்தேகமான இடத்துக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். துடிப்பு அங்கே அறுந்து, இயந்திரம் அதுவரை செய்த கணக்கோடு அப்படியே நிற்கும். விளக்குகளைப் படிப்பார்கள். தொடர் அறுந்த புள்ளி, அதனால் 'பிரேக்பாயிண்ட்'. இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் என்று சொல்லப்படுபவர் பெட்டி ஸ்னைடர், திருமணத்துக்குப் பிறகு பெட்டி ஹோல்பர்ட்டன்.

இதில் எனக்குப் பிடித்த சம்பவம், ஒரு புரோகிராமின் முடிவு பற்றியதே. 1946 பிப்ரவரி 15 அன்று ஈனியாக்குக்கு முறையான தொடக்க விழா. வந்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு முன்னால் குண்டின் பாதையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். நிஜக் குண்டு தரையைத் தொட 30 விநாடி ஆகும் என்றால், ஈனியாக் 20 விநாடியில் பாதை முழுவதையும் கணக்குப் போட்டுவிடும். அதுதான் அன்றைய பெருமை. முந்தைய நாள் ராத்திரிவரை எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. குண்டு தரையைத் தொட்டதும் கணக்கு நிற்க வேண்டும், நிற்கவில்லை. குண்டு பூமியைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது! ஸ்னைடரும் ஜென்னிங்ஸும் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை ஸ்னைடர் நேராக வந்து ஒரே ஒரு சுவிட்சைத் திருப்பினார். தூக்கத்தில் விடை கிடைத்துவிட்டதாம். குண்டு ஒழுங்காகத் தரையில் நின்றது.

விழா பிரமாதமாக நடந்தது. அன்று ராத்திரி கொண்டாட்ட விருந்து. அந்தக் கணக்கை ஓடவைத்த இந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. குளிரில் வீட்டுக்குப் போனார்கள். ஆறு பேரையும் சேர்த்து 'விமன் இன் டெக்னாலஜி இன்டர்நேஷனல்' அமைப்பு கௌரவித்தது 1997-இல், அதாவது 51 வருஷம் கழித்து. நாம் ஐடிஈயில் மவுஸால் தட்டி வைக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் போஸ்ட்மார்ட்டம்

அடுத்த காட்சி இங்கிலாந்து. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டிய எட்சாக், 1949 மே 6 அன்று முதல் புரோகிராமை ஓட்டியது. இதில் கேபிள் பிடுங்கும் வேலை கிடையாது. புரோகிராம் காகித நாடாவில் துளைகளாக வரும், பாதரசக் குழாய்களால் ஆன நினைவகத்தில் போய் உட்காரும்.

அந்த வருஷமே வில்க்ஸ் ஒரு சமன்பாட்டுக்காக 126 வரியில் புரோகிராம் எழுதினார். சின்னதுதான். ஆனால் பிழைகள் தீரவே இல்லை. பல வருஷம் கழித்து அந்த நாடா ஒன்றை மார்ட்டின் காம்பெல்-கெல்லி என்ற வரலாற்று ஆய்வாளர் ஆராய்ந்தபோது அதில் சுமார் 20 பிழைகள் இருந்தன. நாடாத் துளையிடும் அறைக்கும் இயந்திர அறைக்கும் நடுவில் படியேறும்போது, மிச்சமிருக்கும் ஆயுளில் பெரும்பகுதி தன் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நம்மில் எல்லோருக்கும் ஒருநாள் உறைக்கும் விஷயம்தான். அவருக்கு முதலில் உறைத்தது.

எட்சாக்கில் நினைவகத்தைத் திரையில் பார்க்க முடியும், புள்ளிகளாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஓட்டுவதற்கு 'எட்டிப்பார்ப்பது' என்று பெயர். அதை யாரும் ஊக்குவிக்கவில்லை. காரணம் எளிமையானது: இயந்திரம் ஒன்று, வரிசையில் நிற்பவர்கள் பலர். ஒருத்தர் திரையை முறைத்துக்கொண்டு யோசித்தால் அத்தனை பேருடைய நேரமும் வீண். அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். புரோகிராம் நின்றதும் இன்னொரு நாடாவை ஏற்றுவார்கள். அது நினைவகத்தில் கேட்ட பகுதியை டெலிபிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கும். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் மேஜைக்குப் போய் நிதானமாக யோசிக்கலாம், அதற்குள் அடுத்த ஆள் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வார். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'போஸ்ட்மார்ட்டம்'.

இதில் ஒரு சங்கடம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் நாடா படிக்கும் ஆரம்பக் கட்டளைகள் நினைவகத்தின் முதல் சில அறைகளில் வந்து உட்காரும். அங்கே இருந்தது போச்சு. அறுத்துப் பார்க்கிற கத்தியே உடலின் ஒரு பகுதியை அழித்துவிடும்.

இன்னொரு பெரிய குறையை ஸ்டான்லி கில் என்ற இளைஞர் கவனித்தார். எட்சாக்கில் பிழை தேடுவது பற்றியே 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தத் துறையில் வந்த முதல் கட்டுரைகளில் ஒன்று அது. போஸ்ட்மார்ட்டம் காகிதம் சாகும்போது இருந்த நிலையைச் சொல்லும், அந்த நிலைக்கு எப்படி வந்தது என்று சொல்லாது. அதனால் கில் வேறொன்று செய்தார். புரோகிராமை நேராக ஓடவிடாமல், ஒரு மேற்பார்வைப் புரோகிராம் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் எழுத்தை அச்சடித்துவிட்டு, அதன் சார்பாகத் தானே செய்து முடிக்கும். இன்று 'ட்ரேஸ்' என்கிறோமே, அதுதான். ஆனால் எல்லாம் டெலிபிரிண்டரின் வேகத்தில்தான் நகரும்.

ஆக 1951-க்குள்ளேயே மூன்று வழிகளும் வந்துவிட்டன: நடுவில் நிறுத்திப் பார்ப்பது, செத்த பிறகு பார்ப்பது, கூடவே நடந்து ஒவ்வொரு அடியையும் குறித்துக்கொள்வது. அதற்குப் பிறகு எது எப்போது ஜெயித்தது என்பதைப் பெரும்பாலும் இயந்திர நேரத்தின் விலைதான் தீர்மானித்தது.

காகிதக் கட்டும் பூச்சி மருந்தும்

பெரிய இயந்திரங்களில் நேரம் பொன், அதனால் அங்கே போஸ்ட்மார்ட்டம்தான் ராஜா. 1950-களில் காந்த வளையங்களால் ஆன 'கோர்' நினைவகம் வந்தது. அதை அப்படியே கொட்டுவது 'கோர் டம்ப்'. அந்த வளையங்கள் வழக்கொழிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் புரோகிராம் தப்பாக முடிந்தால் அதற்கு 'ஆப்எண்ட்' என்று பெயர், கூடவே ஹெக்ஸாடெசிமல் எண்களாகக் காகிதக் கட்டு வந்து விழும். ஒய்டூகே காலத்தில் சென்னையில் மெயின்ஃப்ரேம் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், 'எஸ்-சீரோ-சி-செவன்' என்றாலே முகம் மாறும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நிறுத்திப் பார்க்கும் வழி மறுபடி உயிர்பெற்றது, ஓர் ஆள் ஒரு இயந்திரத்தின் முன்னால் தனியாக உட்கார முடிந்த இடத்தில்தான். எம்ஐடியில் இருந்த டிஎக்ஸ்-0 அப்படிப்பட்டது. அதற்காக தாமஸ் ஸ்டாக்ஹமும் ஜாக் டென்னிஸும் எழுதிய டீபக்கரின் பெயர் 'ஃப்ளிட்'. ஃப்ளெக்ஸோரைட்டர் இன்டராகேஷன் டேப் என்பதன் சுருக்கம், அதே சமயம் அப்போது கடைகளில் விற்ற பூச்சி மருந்தின் பெயரும்கூட. 1961-இல் எம்ஐடிக்கு டெக் கம்பெனியின் பிடிபி-1 வந்தது. அதற்கு ஆலன் கோட்டக் எழுதிய டீபக்கருக்கு 'டிடிடி', டெக் டீபக்கிங் டேப். நம் ஊரில் கொசுவுக்கு அடித்த அதே டிடிடிதான். 'பக்' என்றால் பூச்சி, பூச்சிக்கு மருந்து. குறும்புக்காரர்கள்.

இங்கே பிடுங்குவதற்கு கேபிள் இல்லை, அப்புறம் எப்படி நிறுத்துவது? நிற்க வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அங்கே 'டீபக்கருக்குத் தாவு' என்று வேறு கட்டளையை எழுதிவிடுவார்கள். புரோகிராம் அங்கே வந்ததும் தானாக டீபக்கரின் கைக்கு வந்துவிடும். பார்த்து முடித்ததும் பழைய கட்டளையை நிறைவேற்றித் தொடர வேண்டியதுதான்.

இன்று உங்கள் லேப்டாப்பிலும் இதே தந்திரம்தான். இன்டெல் சிப்பில் இதற்கென்றே 204 என்ற ஒரே பைட்டில் அடங்கும் ஒரு கட்டளை இருக்கிறது, ஹெக்ஸில் 'சிசி'. ஏன் ஒரே பைட்? இன்டெல்லில் மிகச் சின்னக் கட்டளையின் நீளம் ஒரு பைட். நாம் எழுதுவது இரண்டு பைட்டாக இருந்தால் பக்கத்துக் கட்டளையின் தலையில் கை வைத்துவிடும், வேறு வழியாக அங்கே தாவி வருகிறவன் மாட்டிக்கொள்வான்.

சத்தமான சாவு, அமைதியான சாவு

யுனிக்ஸ் இரண்டு வழிகளையும் சேர்த்து வைத்தது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே 'கோர்' ஃபைலும் உண்டு, அதைப் பார்க்க 'டிபி' என்ற டீபக்கரும் உண்டு. 1975-இல் வந்த ஆறாவது பதிப்பில் 'பிட்ரேஸ்' வந்தது. ஒரு பிராசஸ் இன்னொரு பிராசஸை நிறுத்தி அதன் நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் அது வழி கொடுத்தது. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி, லினக்ஸில் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஆனால் ஒரு இடைவெளி அப்படியே இருந்தது. கோர் டம்ப், ஆப்எண்ட் எல்லாம் சத்தமான சாவுக்குத்தான். தப்பான முகவரியைத் தொட்டால், தன்னைத்தானே 'அபார்ட்' செய்துகொண்டால், கெர்னல் பார்த்து உடலைப் பத்திரப்படுத்தும். தானாகவே 'நான் கிளம்புகிறேன்' என்று சொல்லிப் போகும் புரோகிராமுக்கு போஸ்ட்மார்ட்டம் கிடையாது. இயற்கை மரணம் என்று எழுதி மூடிவிடுவார்கள். பெற்ற பிராசஸுக்குப் போய்ச் சேரும் எக்ஸிட் ஸ்டேட்டஸ் ஒரே ஒரு பைட், 0 முதல் 255 வரை ஓர் எண். அதை வாங்கிக்கொள்ளும்வரை 'ஸோம்பி'யாகப் பட்டியலில் ஒரு வரி இருக்கும், பிறகு அதுவும் போய்விடும்.

அதனால் இந்த மாதிரி கேஸில், போவதற்கு முன்னால் வாசலில் நிறுத்துவது ஒன்றுதான் வழி. சிக்கல் என்னவென்றால், வாசல் ஒன்று இல்லை. லினக்ஸில் இப்படிப் போகும்: மெயின் ஃபங்ஷன் முடிந்தாலும் சரி, நீங்களே கூப்பிட்டாலும் சரி, முதலில் 'எக்ஸிட்'. அது 'அட்எக்ஸிட்'டில் பதிந்து வைத்த கடைசி வேலைகளைச் செய்யும், ஃபைலுக்கு எழுதாமல் பஃபரில் மிச்சமிருப்பதை எழுதித் தள்ளும். அதன் பிறகு 'அண்டர்ஸ்கோர் எக்ஸிட்'டைக் கூப்பிடும். அது 'எக்ஸிட் குரூப்' என்ற சிஸ்டம் கால் மூலமாக கெர்னலிடம் போய், எல்லா த்ரெட்டையும் சேர்த்து முடித்துவிடும். 64 பிட் இன்டெல்லில் அதன் எண் 231. நான் காவல் வைத்தது முன்வாசலில். நேராக அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டைக் கூப்பிடுகிறவன் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவான், என் கண்ணில் படவே மாட்டான்.

கொல்லைப்புறத்தில் பிடிபட்டவன்

இனி என் கதை. மறுநாள் காலை, அறுந்த ஃபைல்களின் அளவை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே 4096-ஆல் மீதியில்லாமல் வகுபட்டன. பஃபரின் அளவு 4096 பைட். பஃபர் நிரம்பும்போதெல்லாம் ஃபைலுக்குப் போயிருக்கிறது, கடைசியாகப் பாதி நிரம்பிய பஃபர் மட்டும் போகவில்லை. டிஸ்க்குமில்லை, நெட்வொர்க்குமில்லை. பஃபரை எழுதித் தள்ளும் படியையே தாண்டி யாரோ நேராக வெளியே போயிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி காவலை மாற்றினேன். ஃபங்ஷனில் வைக்காமல், 'எக்ஸிட் குரூப்' சிஸ்டம் காலையே பிடிக்கச் சொன்னேன். ஒன்றேகால் மணிக்கு நின்றது. இந்தத் தடவை உடம்பு சூடாக இருந்தது, நினைவகம் முழுசாக இருந்தது. எல்லா த்ரெட்டுகளின் ஸ்டாக்கையும் கேட்டேன். மெயின் த்ரெட் அப்பாவியாக இன்னும் ஃபைலில் வரிகளை எழுதிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு த்ரெட், 'வாட்ச்டாக்' என்று பெயர், அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டை 0 என்ற எண்ணோடு கூப்பிட்டிருந்தது.

கோடைத் திறந்து பார்த்தால் கமெண்டில் காரணம் எழுதியிருந்தது. 45 நிமிஷத்துக்கு மேல் ஓடினால் எங்கோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், அதனால் முடித்துவிடு. சாதாரண எக்ஸிட் போட்டபோது அட்எக்ஸிட் வேலை ஒன்று லாக்குக்காகக் காத்துத் தொங்கிவிட்டது, அதனால் அண்டர்ஸ்கோர் எக்ஸிட். முதலில் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1 என்றுதான் இருந்திருக்கிறது. ராத்திரி ராத்திரி ஆன்-கால் ஆளுக்கு போன் போனதால் யாரோ 0 ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருந்தது. எழுதியபோது 45 நிமிஷம் தாராளமாக இருந்திருக்கும். பெயர்கள் கூடக்கூட, மாத ஆரம்பத்தில் மட்டும் வேலை அந்த எல்லையைத் தாண்ட ஆரம்பித்திருக்கிறது.

சரிசெய்வது அரை நாள் வேலை. வாட்ச்டாக் இப்போது நேராகக் கொல்வதில்லை, மெயின் த்ரெட்டிடம் நிறுத்தச் சொல்கிறது. ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசி வரியில் மொத்த எண்ணிக்கையைப் போட்ட பிறகுதான் நிஜப் பெயர் வைக்கிறோம். எக்ஸிட் ஸ்டேட்டஸை மறுபடி 1 ஆக்கினோம்.

உங்களுக்கும் இப்படி ஒரு புரோகிராம் சொல்லாமல் கொள்ளாமல் போனால், முதலில் எக்ஸிட்டில் நிறுத்திப் பாருங்கள். அங்கே சிக்கவில்லை என்றால் அண்டர்ஸ்கோர் எக்ஸிட், அதற்கும் கீழே எக்ஸிட் குரூப். அங்கே நின்றதும், கூப்பிட்ட த்ரெட்டோடு விட்டுவிடாமல் மற்ற த்ரெட்டுகளின் ஸ்டாக்கையும் கேளுங்கள். என் கேஸில் பாதி உண்மை அங்கேதான் இருந்தது.

இப்போதெல்லாம் மாத ஆரம்பத்தில் எப்போதாவது ராத்திரி போன் வருகிறது. திட்டிக்கொண்டேதான் எடுக்கிறேன். ஆனால் பட்டியலில் யார் பெயரும் விட்டுப்போவதில்லை.